எண்ணெயை யார் துடைத்தது?

போன வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மோடு இரண்டு பெண்கள், ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள், ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வசனம் பேச, இன்னொருத்தி செல்போனில் எடுத்தாள். திடீரென்று எடுத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏய், கன்டினியுட்டி போச்சுடி! மொத ஷாட்ல கிளாஸ் முட்டா இருந்துச்சு. இதுல பாதிதான் இருக்குது."

"அதுக்கு? இன்னொரு டீ வாங்கணுமா? நீயே வாங்கிக் குடு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீ புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ன அங்கிள்?" என்று இரண்டு பேரும் முறைத்தார்கள். "ஒண்ணுமில்லம்மா, நானும் ஒரு காலத்துல டைரக்டர்தான்" என்றேன். ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை, இன்னொரு கையில் கேஸ் அடுப்பு லைட்டர். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிங்க அங்கிள்" என்று மரியாதையாகத் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் நம்பாவிட்டால் போகட்டும், உங்களிடம் சொல்கிறேன்.

கடைக்காரர் மேஜையைத் துடைத்த துணியிலிருந்து ஒரு வாடை வந்தது. ஈரமும் எண்ணெயும் கலந்த வாடை. எங்கள் கம்பெனியில் அந்தத் துணிக்குப் பெயர் பனியன் வேஸ்ட். திருப்பூரில் வெட்டிப் போட்ட பனியன் துண்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மெஷின் துடைக்க, கை துடைக்க, ஒரு சிலர் மூக்கு சிந்த, எல்லாவற்றுக்கும் அதுதான். சிப்காட்டில் கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. ஐ.டி.ஐ. முடித்த கையோடு, தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற பிரஸ் ஷாப்பில் சேர்ந்திருந்தேன். சினிமாப் பைத்தியம் வேறு. யாராவது தும்மினால்கூட "நல்ல ரியாக்‌ஷன்" என்று சொல்லி அடி வாங்குகிற வயசு.

அப்போதுதான் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்தது. பாதுகாப்பு வாரத்துக்கு ஒவ்வொரு டிபார்ட்மென்டும் ஒரு வீடியோ படம் எடுக்க வேண்டும், கேன்டீனில் திரை கட்டிப் போடுவார்கள், பெரிய மேனேஜரே உட்கார்ந்து பார்ப்பார், நல்ல படத்துக்குப் பரிசும் உண்டு. அடேங்கப்பா, அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை! என்னைத்தான் டைரக்டர் ஆக்கினார்கள். திறமை என்று நினைத்துவிடாதீர்கள். கதையைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், எங்கள் ஷிஃப்டில் எனக்குத்தான் கையெழுத்து நன்றாக இருந்தது.

கேமரா சாதிக். கிருஷ்ணகிரிக்காரன், எனக்குச் சம வயசு, பக்கத்து மெஷின். அவன் மாமா அங்கே கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். லீவு நாளில் எல்லாம் இவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகச் சுற்றுவான். சின்ன டேப் போடுகிற கேமரா. அதை அவன் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றிக் கொண்டுவருவான்.

கதாநாயகி கௌரம்மாக்கா. ஜவளகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மறுபடியும் கன்னடம். கான்ட்ராக்ட் ஆள். ஆறாம் நம்பர் பிரஸ் அவருடையது. எங்களைவிடப் பத்து வயசாவது பெரியவர். "நடிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டதற்கு, "அய்யய்யோ, பேடப்பா! ஊர்ல சிரிப்பாங்க" என்றார். மறுநாள் காலையில் அவரே வந்து, "தலைக்குப் பூ வைக்கலாமா?" என்று கேட்டார். பிரஸ் ஷாப்பில் பூ, வளையல் எதுவும் கூடாது. மனசே இல்லாமல்தான் ஒத்துக்கொண்டார்.

வில்லன் முனிராஜ். அவசரப்படுத்துகிற சூப்பர்வைசர் வேஷம். உத்தனப்பள்ளிப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு. கம்பெனி ஓடாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்திருந்தது. அன்றைக்குப் பார்த்து ஆள் வரவில்லை. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். வெயில் ஏறிய பிறகு நிதானமாக வந்து இறங்கினான்.

"சானமாவு காட்டுல ரோட்டு மேல ஆனை நின்னுகினு இருந்துச்சுபா. ஆரன் அடிக்கவா முடியும்?"

ஆனை என்றால் எங்கள் பக்கம் அப்பீலே கிடையாது. உண்மையா பொய்யா என்று யாரும் போய்ப் பார்க்க முடியாது. சரி வா என்று சட்டையை மாட்டிவிட்டோம்.

முதல் வேலையே தகராறு. சாதிக் கேமராவைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாரும் மஞ்சக்காமாலை வந்தவங்க கணக்கா தெரியறீங்க" என்றான். மேலே எரிகிற விளக்கு அப்படி. எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டிவிட்டால் மற்ற நிறங்களை அது தானே சரி செய்துகொள்ளுமாம். அதுதான் ஒயிட் பேலன்ஸ். நல்ல யோசனைதான், பிரஸ் ஷாப்பில் வெள்ளைக்கு எங்கே போவது? பனியன் வேஸ்ட் பழுப்பு, சுவர் கறுப்பு, எங்கள் பனியன்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடைசியில் பார்த்தால், மேற்பார்வைக்கு வந்திருந்த சேஃப்டி ஆபீசர் தலையில் பளபளவென்று வெள்ளை ஹெல்மெட்! "சார், கொஞ்சம் ஆடாம நில்லுங்க சார்" என்று அவர் தலைக்கு நேராகக் கேமராவைக் கொண்டுபோனான் சாதிக். தன்னைத்தான் எடுக்கிறான் என்று அவர் சட்டையை இழுத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு, விறைப்பாக நின்றார் பாவம். விளக்கு மாறும் போதெல்லாம் அவரை அழைத்து நிற்க வைத்தோம். மத்தியானம் வரைக்கும் அவருக்கு விஷயம் தெரியாது.

அடுத்தது கோடு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் அவர்களுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு, கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும், தாண்டினால் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்பது மாதிரி படத்தில் தெரியும் என்றான் சாதிக். சினிமா படிக்கிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள மாசக்கணக்கில் திண்டாடுவார்கள் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. தரையில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதில் ஊறிப் போனவர்கள் அல்லவா! "அவ்ளோதானே? தாண்ட மாட்டோம்" என்று விட்டார்கள். முனிராஜ் ஒருபடி மேலே போய், "பெயின்ட் இருக்குது, போட்டுடலாமா?" என்றான்.

எடுக்க எடுக்க அப்படி ஒரு குஷி! முனிராஜ் மூன்று பாஷையிலும் தனித்தனியாக வசனம் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று தமிழில் தொடங்குவான், வேகத்தில் "தொந்தரகா" என்று தெலுங்குக்குத் தாவுவான், கௌரம்மாக்காவின் முகத்தைப் பார்த்ததும் "பேக, பேக" என்று கன்னடத்தில் முடிப்பான். நான் "கட்" என்று கத்துவேன். கத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள். "ஆக்‌ஷன்" என்று சொன்னதும் நம்மைத் தினமும் மிரட்டுகிற ஆட்களெல்லாம் அசைகிறார்கள், "கட்" என்றதும் நிற்கிறார்கள். அந்த ஒரு நாள் ராஜா மாதிரி இருந்தேன்.

கதை எளிமையானது. மெஷின் பக்கத்தில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது. ஸ்பானர் தரையில் கிடக்கிறது. சூப்பர்வைசர் அவசரப்படுத்துகிறார். அக்கா வழுக்கி விழப் பார்க்கிறார். பிறகு எல்லாவற்றையும் சரியான முறையில் செய்து காட்டுகிறோம். இதை முதலில் தூரத்திலிருந்து லாங் ஷாட், பிறகு இடுப்பு வரை மிட் ஷாட், பிறகு குளோசப் என்று ஒரே நடிப்பைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். இருப்பது ஒரே கேமரா. ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டை நகர்த்தி வைக்க நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் யாரும் சும்மா இருக்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் வேலை முடிந்ததும் நான், சாதிக், முனிராஜ் மூன்று பேரும் பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரி ஸ்டுடியோவுக்குப் போனோம். டேப்பை ஓடவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, சாதிக் முதல் சில ஷாட்டை ஒட்டினான். லாங் ஷாட்டில் தரையில் இவ்வளவு பெரிய எண்ணெய்க் குளம். மிட் ஷாட்டில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த லாங் ஷாட்டில் மறுபடியும் எண்ணெய். ஸ்பானரோ, கிடக்கிறது, காணோம், கிடக்கிறது. அக்கா எண்ணெயே இல்லாத தரையில் வழுக்கி விழப் போனார்.

"டேய், எண்ணெய யார்றா தொடச்சது?" என்று சாதிக் அலறினான்.

யாரைச் சொல்வது? எல்லோரும்தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வொரு பொருளும் அதன் இடத்தில் என்று எங்களை வருஷக்கணக்கில் பழக்கியிருந்தார்கள். ஸ்பானர் மாட்டுகிற பலகையில் ஒவ்வொரு ஸ்பானரின் உருவத்தையும் வரைந்து வைத்திருப்பார்கள். ஓர் இடம் காலியாக இருந்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. நான் "கட்" என்றதும் ஆளாளுக்குக் கை தானாகப் போயிருக்கிறது. ஒருவர் எண்ணெயைத் துடைத்தார், ஒருவர் ஸ்பானரை மாட்டினார், ஒருவர் தகட்டுப் பெட்டியைக் கோட்டுக்குள் தள்ளி வைத்தார். அடுத்த லாங் ஷாட்டுக்கு முன்னால் நானே "எண்ணெய் எங்கடா?" என்று கேட்டு மறுபடியும் ஊற்ற வைத்திருக்கிறேன்! இதைத்தான் கன்டினியுட்டி என்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. திரும்ப எடுக்கலாமென்றால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. படம் போடுகிற நாளோ அந்த வாரமே.

"நடுவுல சொருக எதுனா வேணும்" என்றான் சாதிக். பொருந்தாத இரண்டு ஷாட்டுக்கு நடுவில் வேறு எதையாவது, ஒரு முகத்தையோ கடிகாரத்தையோ கையையோ, கொஞ்ச நேரம் காட்டிவிட்டால் பார்க்கிறவர்கள் முந்தின ஷாட்டில் தரை எப்படி இருந்தது என்பதை மறந்துவிடுவார்களாம். கட்-அவே என்று அதற்குப் பெயர் சொன்னான். அப்படி ஏதாவது கிடைக்குமா என்று டேப்பை முழுக்க ஓட்டித் தேடினோம்.

கிடைத்தது. கல்யாணத்தில் வீடியோ எடுத்துப் பழகியவன் கேமராவைச் சட்டென்று அணைக்க மாட்டான், தாலி கட்டுகிறவர் இவனுக்காகக் காத்திருக்கவா போகிறார்? சாதிக்குக்கும் அதே பழக்கம். ஃபோகஸ் வைப்பதற்காக ஒரு பொருளை ஜூம் செய்து கிட்டத்தில் கொண்டுவந்து, தெளிவாக்கிக்கொண்டு, பிறகு பின்னால் வருவான். அதெல்லாம் டேப்பில் பதிவாகியிருந்தது. மத்தியானம், ஆபீசர் சாப்பிடப் போயிருந்த நேரம். மெஷினைச் சூடேற்ற அக்கா நாலைந்து தகடு ஓட்டியிருக்கிறார். சாதிக் அவர் கையில் ஃபோகஸ் வைத்திருக்கிறான்.

திரை நிறைய அந்தக் கை. மணிக்கட்டில் பச்சை குத்திய கோலம். தகடு அச்சில் சரியாக உட்காரவில்லை. விரல் உள்ளே போகிறது, தகட்டை ஒரு தள்ளுத் தள்ளுகிறது, வெளியே வருகிறது. தட்! மேலிருந்து அச்சு இறங்குகிறது. மறுபடி விரல் உள்ளே. தட்! விரல் வெளியே வருவதற்கும் அச்சு இறங்குவதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட நேரம் இல்லை.

பிரஸ் ஓட்ட இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்த வேண்டும், கை வெளியிலேயே இருக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. ஆறாம் நம்பரில் இடது பட்டனில் எப்போதோ யாரோ ஒரு துண்டுத் தகட்டைச் சொருகி, அது அமுங்கியே இருக்கும்படி வைத்துவிட்டார்கள். ஒரு கை மிச்சம், உருப்படி கூட வரும். ஒவ்வொரு ஷிஃப்டும் அப்படியே வாங்கி அப்படியே ஓட்டியது. நாங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போனோம். எங்கள் கண்ணில் அது பட்டதே இல்லை. குளோசப்பில் பார்த்தபோதுதான் பட்டது.

"இதான் படம்" என்றேன் நான். டைரக்டர் புத்தி!

முனிராஜ் எழுந்துவிட்டான். "அந்தக்கா கான்ட்ராக்டு. மெஷினுக்குள்ள கை வுட்டா ரூல்படி தப்பு. நாளைக்கே கேட்டுல நிறுத்திடுவானுங்க. அது வயித்துல அடிக்காதீங்கடா."

அவன் சொன்னது நியாயம். சாதிக், "அக்காவையே கேட்டுடலாம்" என்றான். மறுநாள் டீ நேரத்தில், செக்யூரிட்டியிடம் கெஞ்சிக் கேமராவை உள்ளே கொண்டுபோய், கேன்டீன் பின்பக்கம் அதன் சின்னத் திரையில் அவருக்குப் போட்டுக் காட்டினோம்.

"யார் கை இது?" என்றார் கௌரம்மாக்கா. பச்சை குத்தியதைப் பார்த்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். அடுப்படிப் புகையில் நிற்கிற ஆள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, வேணாம்னா அழிச்சிடறோம்" என்றான் முனிராஜ்.

"வேலை போயிடும்ல?"

"போவலாம்க்கா."

"இந்த வெரலு போனா மட்டும் வேலை குடுப்பாங்களா?" பிறகு கையை உதறிவிட்டு எழுந்தார். "போடுப்பா. பயமா இருக்குது, ஆனா போடு."

கேன்டீனில் திரை கட்டினார்கள். சாம்பார் வாடை இன்னும் போகவில்லை. பெரிய மேனேஜர் முன்வரிசையில். எங்கள் படம் ஓடத் தொடங்கியது. முனிராஜின் மூன்று பாஷை "சீக்கிர"த்துக்கு விசில் பறந்தது. பிறகு அந்தக் கை வந்தது. சாதிக் அந்த இடத்தில் பாட்டு, பேச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெஷின் சத்தத்தை மட்டும் வைத்திருந்தான். தட்! விசில் நின்றது. விரல் உள்ளே போகும் போதெல்லாம் அத்தனை பேரும் தங்கள் கையை மடியில் இழுத்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"நிறுத்துங்க" என்றார் மேனேஜர். "இது எந்த மெஷின்?"

நான் வாயைத் திறக்க முயன்றேன், சத்தியமாகச் சொல்கிறேன், காற்றுதான் வந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து கௌரம்மாக்கா எழுந்தார்.

"ஆறாம் நம்பர் சார். என் கைதான்."

அய்யோ போச்சு என்று நினைத்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து இன்னொரு ஷிஃப்ட் ஆள், அதிகம் பேசாத மனிதர், எழுந்தார். "நானும் அப்பிடித்தான் ஓட்டறேன் சார்." அவருக்குப் பக்கத்தில் ஒருவர். பிறகு சுவரோரம் இரண்டு பேர். ஆறாம் நம்பரில் ஒரு நாளாவது நின்றவர்கள் அத்தனை பேரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செடுத்தது, இப்போது எழுதும்போதும் எடுக்கிறது!

மேனேஜர் விறுவிறுவென்று நேராகப் பிரஸ் ஷாப்புக்கு நடந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. "சார், சார், ஹெல்மெட்!" என்று தன்னுடைய வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சேஃப்டி ஆபீசர் பின்னாலேயே ஓடினார். அன்றைக்கே ஆறாம் நம்பருக்குப் பூட்டுப் போட்டார்கள். கை உள்ளே போனால் தானாக நிற்கிற சென்சார் மாட்டிய பிறகுதான் அது மறுபடி ஓடியது.

படத்துக்கு முதல் பரிசு இல்லை. நடுவராக வந்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "எல்லாம் சரி, அந்த எண்ணெயை யார் துடைத்தது?" ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் கேட்டிலேயே நின்றோம். ஜவளகிரி பஸ் வந்தது. கௌரம்மாக்கா இறங்கி, யாரையும் பார்க்காமல் கார்டை நீட்டினார். செக்யூரிட்டி வாங்கிப் பார்த்தார். அவர் அதைப் பார்த்த நேரம் இருக்கிறதே, எங்களுக்கு ஒரு யுகம். "போங்கம்மா" என்றார். முனிராஜ் அங்கேயே விசிலடித்துத் திட்டு வாங்கினான்.

அந்தக் கம்பெனி இப்போது அங்கே இல்லை. வேறு ஊருக்குப் போய்விட்டது. ஷெட் இருந்த இடத்தில் ஒரு குடோன் நிற்கிறது. ஆறாம் நம்பர் பிரஸ்ஸைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட்டார்களாம். சாதிக்கின் மாமா ஸ்டுடியோவை மூடினார், சாதிக் வெளிநாட்டுக்குப் போனான், முனிராஜின் போன் நம்பர் என்னிடம் இல்லை. டேப் என் வீட்டுப் பரணில்தான் பத்திரமாக இருந்தது. போன வருஷம் ஆசையாக ஒரு ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தால், பூஞ்சை பிடித்துவிட்டது, ஒரு நொடிகூடத் தேறாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் டைரக்ட் செய்த ஒரே படம். அழுகையே வந்துவிட்டது.

அதற்கு அடுத்த மாதமோ என்னவோ, தளி ரோட்டில் கௌரம்மாக்காவைப் பார்த்தேன். தலை நரைத்துப் போய், பேத்தியின் ஜடையைப் பின்னிக்கொண்டு பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தார். குசலம் எல்லாம் விசாரித்துவிட்டு, என் ஆதங்கத்தைக் கொட்டினேன். படம் போச்சுக்கா, ஒண்ணுமே மிச்சமில்லை என்றேன்.

அவர் பின்னுவதை நிறுத்தவே இல்லை. பத்து விரலும் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"போனா போவுது விடப்பா" என்றார். "கை இங்கதானே இருக்குது."